பீற்றா தடுப்பி மருந்துகளின் இடைத்தாக்கங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்படும் சிறு துண்டுத்தாளை ஊன்றிப் படிப்போர் மிகச் சிலரே. இன்ன நோயுடையோர் இதனை உட்கொள்ளலாகாது, இன்ன மருந்துடன் இதனைச் சேர்த்தலாகாது, உணவுடன் உட்கொள்ளுதல் நன்று என்றவாறு அத்தாளில் நிரல்படுத்தப்பட்டிருக்கும் விதிகள் யாவும் ஒரே காலத்தில், ஒரே வகைச் சான்றினை ஆதாரமாகக் கொண்டு எழுந்தவை போலத் தோற்றமளிக்கின்றன. உண்மை அதுவன்று. ஒவ்வொரு விதிக்கும் தனித்தனி வரலாறு உண்டு. சில, மருந்து பிறந்த கோட்பாட்டிலிருந்தே ஊகித்துணரக் கூடியனவாயிருந்தன. சில, எக்கோட்பாடும் முன்னறிவிக்காத வகையில் நோயாளரின் துன்பத்தினாலேயே அறியப்பட்டன. ஒன்று, கோட்பாட்டுக்கு முற்றிலும் பொருத்தமாய் இருந்தும் பிழையானதென்று பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மிகப் பரவலாக வழங்கிய மருந்துகளுள் ஒரு வகையான பீற்றா தடுப்பிகளின் வரலாற்றில் இம்மூவகை விதிகளையும் தெளிவாகக் காணலாம். உயர் குருதியமுக்கம், நெஞ்சுவலி, மாரடைப்பு, இதயத் துடிப்பொழுங்கின்மை ஆகியவற்றுக்கு வழங்கப்படும் இம்மருந்துகள் பிற நோய்களோடும் மருந்துகளோடும் உணவோடும் கொள்ளும் இடைத்தாக்கங்கள் எவ்வாறு அறியப்பட்டன என்பதை நோக்குதல், மருத்துவ அறிவு எவ்வாறு வளர்கின்றது என்பதனையே நோக்குதலாகும்.

வாங்கிக் கோட்பாட்டின் தோற்றம்

அச்சம், சினம், கடும் உழைப்பு ஆகிய வேளைகளிற் பரிவு நரம்புத் தொகுதியும் அதிரனலின் என்னும் ஓமோனும் உடலை ஆட்கொள்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது. சில குருதிக் கலன்கள் சுருங்க வேறு சில விரிகின்றன. மூச்சுக் குழல்கள் அகல்கின்றன. ஈரல் தன்னிடமுள்ள வெல்லத்தைக் குருதியில் விடுகின்றது. ஒரே பொருள் ஓரிடத்திற் சுருக்கத்தையும் மற்றோரிடத்தில் விரிவையும் விளைவித்தல் எங்ஙனம் என்பது உடற்றொழிலியலாளரை நெடுங்காலம் மயக்கிய வினாவாகும்.

1905ஆம் ஆண்டு கேம்பிறிட்ச் பல்கலைக்கழகத்து லாங்லி என்பார், உயிர்க்கலங்களில் இத்தகைய பொருள்களை ஏற்கும் தனிப்பொருள் ஒன்று உண்டெனக் கருத்துரைத்தார். இன்று வாங்கி என வழங்கப்படும் எண்ணக்கருவின் தொடக்கம் இதுவே. அடுத்த ஆண்டில் ஹென்றி டேல் என்பார் ஏர்கொற் என்னும் பூஞ்சணத்தின் சாற்றைச் செலுத்திய பின் அதிரனலினைச் செலுத்தியபோது, வழமையாக உயரவேண்டிய குருதியமுக்கம் மாறாகத் தாழ்ந்ததைக் கண்டார். அதிரனலினின் ஒரு முகம் மறைக்கப்பட, அதன் மறுமுகம் வெளிப்பட்டது. ஆயினும் இவ்விரு முகங்களுக்குமான விளக்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிட்டவில்லை.

1948இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய றேமண்ட் அல்குவிஸ்ற், அதிரனலினையும் அதனையொத்த சில சேர்வைகளையும் பல்வேறு உறுப்புகளிற் சோதித்தார். அச்சேர்வைகளின் வலிமையை வரிசைப்படுத்தியபோது எல்லா உறுப்புகளும் இரண்டே வரிசைகளுள் அடங்கியமையைக் கண்டு, வாங்கிகள் இருவகையின எனத் துணிந்து அவற்றுக்கு அல்பா, பீற்றா எனப் பெயரிட்டார். குருதிக் கலன்களைச் சுருக்குவன பெரும்பாலும் அல்பா வாங்கிகள். அவற்றை விரிப்பனவும் இதயத்தைத் தூண்டுவனவும் பீற்றா வாங்கிகள். இக்கட்டுரை ஓர் ஆய்விதழால் ஏற்கப்படாது வேறோர் இதழில் வெளிவந்தது. அதன் பின்னரும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. வாங்கி என்பது கண்ணாற் காணப்படாத ஒரு கற்பிதம் என்றே அக்காலத்துப் பலர் எண்ணினர்.

பிளக்கின் நோக்கம்

இக்கற்பிதத்தை மருந்தாக மாற்றியவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளக் ஆவார். இதயத்தசைக்குப் போதிய ஒட்சிசன் கிட்டாமையால் எழும் நெஞ்சுவலிக்கு, அக்காலத்து மருத்துவர் இதயத்துக்குச் செல்லும் குருதியின் அளவை மிகுவிக்க முயன்றனர். பிளக் வினாவைத் திருப்பிப் போட்டார். வரவை மிகுவிக்க இயலாதாயின் செலவைக் குறைத்தல் கூடாதா? அதிரனலினின் தூண்டுதலினின்றும் இதயத்தைக் காத்தால் அது மெல்லத் துடிக்கும். அதன் ஒட்சிசன் தேவையுங் குறையும். இதற்கு வழி பீற்றா வாங்கியை அடைத்தலே எனக் கருதிய அவர், 1958இல் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ற்றீஸ் நிறுவனத்திற் சேர்ந்தார்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் லில்லி நிறுவனத்தின் ஆய்வாளர், மூச்சுக் குழலை விரிக்கும் மருந்தொன்றைத் தேடுகையில், பீற்றா வாங்கியைத் தடுக்கும் சேர்வை ஒன்றைக் கண்டனர். அது தடுப்பதோடு ஓரளவு தூண்டவுஞ் செய்தமையால் மருந்தாகப் பயன்படவில்லை. எனினும் வாங்கியைத் தடுத்தல் இயலும் என்பதற்கு அது சான்றாயிற்று. பிளக்கும் வேதியியலாளர் ஜோன் ஸ்ரீவன்சனும் உருவாக்கிய புரொனெதலோல் 1962இல் அறிவிக்கப்பட்டது. சுண்டெலிகளில் அது கட்டிகளை விளைத்தமையாற் கைவிடப்பட்டது. அதன் இடத்தை நிரப்பிய புரொப்பிரனலோல் 1964இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு முதல் வழக்கிற்கு வந்தது. நெஞ்சுவலிக்கென உருவாக்கப்பட்ட அம்மருந்து குருதியமுக்கத்தையுங் குறைக்கும் என்பதை இலண்டன் மருத்துவர் பிறிச்சாட் 1964இலேயே எடுத்துக்காட்டினார்.

கோட்பாடு முன்னறிவித்த தடைகள்

பீற்றா வாங்கிகள் இதயத்தில் மாத்திரம் இருப்பவையல்ல. மூச்சுக் குழலிலும் ஈரலிலும் தசைகளிலுள்ள குருதிக் கலன்களிலும் அவை உள. ஆகவே இதயத்தைக் காக்கப் புகும் மருந்து ஏனைய இடங்களிலும் அதே வேலையைச் செய்தல் தவிர்க்க முடியாதது. புரொப்பிரனலோல் அறிவிக்கப்பட்ட 1964ஆம் ஆண்டிலேயே, ஆஸ்மா எனப்படும் தொய்வு நோயுடையோருக்கு அம்மருந்து மூச்சுக் குழலைச் சுருக்குகின்றது என்னும் ஆய்வும் வெளிவந்தது. இங்கு நோயும் மருந்தும் இருமடங்காகப் பகைகொள்கின்றன. மருந்து மூச்சுக் குழலைச் சுருக்குவது ஒருபுறம். அச்சுருக்கத்தைப் போக்க வழங்கப்படும் மருந்துகளும் பீற்றா வாங்கியின் வழியே தொழிற்படுவனவாதலால் அவை வந்து சேரும் வாயிலும் அடைபட்டுக் கிடப்பது மறுபுறம். 1978இல் கண்ணழுத்த நோய்க்கெனத் தைமோலோல் என்னும் பீற்றா தடுப்பி சொட்டு மருந்தாக வெளிவந்தபோது, கண்ணில் விட்ட துளியும் குருதியிற் கலந்து தொய்வு நோயாளரை ஆபத்துக்குள்ளாக்கும் என்பது அறியப்பட்டது.

நீரிழிவு நோயாளர் பற்றிய எச்சரிக்கை 1966இல் எழுந்தது. இன்சுலின் ஏற்றுவோருக்குக் குருதியில் வெல்லத்தின் அளவு மிகத் தாழ்கையில், உடல் அதிரனலினைச் சுரந்து இரு காரியங்களைச் செய்கின்றது. ஈரலிலிருந்தும் தசையிலிருந்தும் எரிபொருளை விடுவித்தல் ஒன்று. நெஞ்சுப் படபடப்பாலும் நடுக்கத்தாலும் நோயாளரை எச்சரித்தல் மற்றொன்று. பீற்றா தடுப்பி முன்னதைத் தாமதப்படுத்திப் பின்னதை மறைக்கின்றது. வியர்வை மாத்திரம் மறைவதில்லை. வியர்வைச் சுரப்பிகளுக்குச் செல்லும் நரம்புகள் அதிரனலின் இனத்தைச் சாராத அசற்றைல்கோலின் என்னும் பொருளாற் செயற்படுவதே இதற்குக் காரணம். இதனாலேயே, இம்மருந்து உட்கொள்ளும் நீரிழிவு நோயாளருக்கு, படபடப்பை எதிர்பாராது திடீர் வியர்வையையே அபாய அறிகுறியாகக் கொள்ளுமாறு கற்பிக்கப்படுகின்றது. தைரொயிட்டு மிகைச் சுரப்பு நோயிலும் இத்தகைய மறைப்பு நிகழ்கின்றது. அங்கு படபடப்பைத் தணித்தல் நோயாளருக்கு நன்மையாயினும், நோய் தணிந்துவிட்டதென்ற பொய்த்தோற்றத்தையும் அது தரவல்லது.

டேல் கண்ட தோற்றப்பாட்டின் தலைகீழ் வடிவமும் பீற்றா தடுப்பிகளால் வெளிப்பட்டது. டேலின் சோதனையில் அல்பா வாங்கி அடைபட, எஞ்சிய பீற்றா வாங்கி குருதியமுக்கத்தைத் தாழ்த்திற்று. பீற்றா வாங்கிகள் யாவும் அடைபட்ட ஒருவருக்கு அதிரனலின் கொடுப்பின் அல்பா வாங்கி மாத்திரமே எஞ்சி நிற்கும். அமுக்கம் கடிதில் உயர, நாடி தளரும். அதிரனலினைப் பெருமளவிற் சுரக்கும் சிறுநீரகமேற் சுரப்பிக் கட்டியுடையோருக்கு முதலில் அல்பா தடுப்பியும் அதன்பின்னரே பீற்றா தடுப்பியும் வழங்கப்படல் வேண்டும் என்ற விதி இதன்பாற்பட்டது. குளோனிடீன் என்னும் அமுக்கந் தணிக்கும் மருந்தைத் திடீரென நிறுத்தினால் அதிரனலின் இனப் பொருள்கள் பெருகும். பீற்றா தடுப்பியும் உடன் வழங்கப்படின் அப்பெருக்கின் விளைவு கடுமையாகும். ஆகவே இரண்டையும் உட்கொள்பவர் முதலிற் பீற்றா தடுப்பியையும், சில நாள் கழித்தே குளோனிடீனையும் படிப்படியாக நிறுத்தல் வேண்டும். குளவிக் கடி முதலியவற்றால் எழும் கடும் ஒவ்வாமை அதிர்ச்சியில் உயிர்காக்கும் அதிரனலின், பீற்றா தடுப்பி உட்கொள்வோரிடம் போதியளவு பயன்தராது போகலாம் என்பதும் இதே அடிப்படையில் விளங்கும். அந்நிலையில் வேறு வாங்கியின் வழியே இதயத்தைத் தூண்டும் குளூக்ககன் வழங்கப்படுகின்றது.

இவ்விதிகள் யாவும் தனித்தனியே மனனஞ் செய்யவேண்டிய செய்திகள் போன்று பாடநூல்களில் நிற்பினும், அல்குவிஸ்றின் ஒரே கருத்திலிருந்து கிளைத்தவை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பிரக்றோலோலும் எதிர்பாராத் துன்பமும்

பீற்றா வாங்கிகளும் ஒரே இனத்தனவல்ல, இதயத்தில் மிக்கிருப்பது ஒருவகை, மூச்சுக் குழலில் மிக்கிருப்பது மற்றொருவகை என்பதை 1967இல் லாண்ட்ஸ் என்பாரும் அவரது குழுவினரும் எடுத்துக்காட்டினர். அவ்வாறாயின் இதயத்திலுள்ள வகையை மாத்திரம் தடுக்கும் மருந்து தொய்வு நோயாளருக்குந் தீங்கற்றதாதல் வேண்டும். இவ்வெதிர்பார்ப்புக்கு விடையாக 1970இல் பிரக்றோலோல் சந்தைக்கு வந்தது. கோட்பாட்டினால் அறியப்பட்ட குறையொன்றைக் கோட்பாட்டின் துணைகொண்டே நீக்கிய மருந்தாக அது மதிக்கப்பட்டது.

1974இல் அம்மருந்தை உட்கொண்டோரிடம் காணப்பட்ட தோல் நோயும் கண் நோயும் பிரித்தானிய மருத்துவ இதழில் அறிவிக்கப்பட்டன. 1975இல் இலண்டன் கண் மருத்துவர் பீற்றர் றைற் அக்குறிகளைத் தொகுத்து ஒரு தனி நோயாக விவரித்தார். கண்ணீர் வற்றி, விழி வறண்டு, தழும்பேறிப் பார்வை கெட்டோர் இருந்தனர். தோலில் செதில் படர்ந்தது, செவிப்புலன் குன்றியது, வயிற்றறையின் உட்சவ்வு தடித்துக் குடலை இறுக்கியதால் அறுவைச் சிகிச்சைக்குள்ளானோரும் உயிரிழந்தோரும் உளர். மருந்தின் பொது வழக்கு நிறுத்தப்பட்டது. பாதிக்கப்பட்டோருக்கு உற்பத்தி நிறுவனம் இழப்பீடு வழங்கியது.

இந்நிகழ்ச்சியிற் சிந்தனைக்குரியன இரண்டு. முதலாவது, விலங்குகளில் நிகழ்த்திய சோதனைகள் இந்நோயைக் காட்டவில்லை என்பதாகும். பின்னர் வேண்டுமென்றே முயன்றபோதும் விலங்குகளில் அதனை உண்டாக்க இயலவில்லை. இரண்டாவது, மருந்துகளின் தீய விளைவுகளை மருத்துவர் அறிவிப்பதற்கான மஞ்சள் அட்டைத் திட்டம் பிரித்தானியாவில் 1964 முதல் இருந்தும், அது உரிய காலத்தில் அபாயத்தை உணர்த்தவில்லை என்பதாகும். நெஞ்சுவலிக்கு மருந்துண்பவர் கண்ணெரிவுக்கு வேறொரு மருத்துவரை நாடுவார். அம்மருத்துவர் முன்னைய மருந்தை வினவார். இருவர் அறிந்தவை ஒருவரிடம் ஒன்றுசேராதவரை உண்மை புலப்படவில்லை. நோய் விவரிக்கப்பட்ட பின்னரோ, அதற்கு முன்னைய ஆண்டுகளில் நிகழ்ந்தவையும் பெருந்தொகையாக வெளிவந்தன. கோட்பாடு முன்னறிவித்த தடைகளைத் தேடியோர், அது முன்னறிவிக்காததைத் தேடவில்லை.

மருந்தோடு மருந்தும், மருந்தின்மையும்

இதே காலப்பகுதியில் வேறு இரு செய்திகள் தெளிவாயின. வெராப்பமில் என்னும் மருந்தும் நெஞ்சுவலிக்கும் விரைவுத் துடிப்புக்கும் வழங்கப்படுவது. பீற்றா தடுப்பி உட்கொள்வோருக்கு அதனை நரம்பூசியாக ஏற்றியபோது இதயம் நின்றுவிடலாம் என்பது 1970களின் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. இரு மருந்துகளும் வெவ்வேறு வழியே இதயத்தின் மின்தூண்டற் கடத்தலைத் தளர்த்துவன. தனித்தனியே நன்மை செய்யும் இரண்டு, ஒரே இடத்திற் சந்தித்தபோது நன்மை இரட்டிப்பதற்குப் பதிலாகத் தீங்கு இரட்டித்தது.

மற்றையது மருந்தை நிறுத்துவதால் வரும் தீங்கு. 1975இல் அமெரிக்க ஆய்வாளர், புரொப்பிரனலோலைத் திடீரென நிறுத்திய நெஞ்சுவலி நோயாளருட் சிலருக்கு வலி கடுமையாக மீள்வதையும் மாரடைப்பும் மரணமும் நேர்வதையும் அறிவித்தனர். வாங்கிகள் நெடுநாள் அடைபட்டுக் கிடக்கையில் உயிர்க்கலங்கள் அவற்றின் தொகையைப் பெருக்கிக்கொள்கின்றன; தடை திடீரென அகன்றதும் வழமையான அளவு அதிரனலினே மிகையான விளைவைத் தருகின்றது. வாங்கி என்பது அசையாத பூட்டன்று, உடல் தன் தேவைக்கேற்பக் கூட்டவுங் குறைக்கவும் வல்ல உயிருள்ள அமைப்பு என்ற உண்மை இதனாற் புலனாயிற்று. மருந்தை நிறுத்துவதாயின் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும் என்ற விதி இதன் பயனாகும். இவ்வுண்மை பின்னர் வேறொரு பெரும் புதிரை விடுவிக்கவும் உதவியது.

உணவும் ஈரலும்

வாங்கிக் கோட்பாடு மருந்து உடலை என் செய்கின்றது என்பதைக் கூறியது. உடல் மருந்தை என் செய்கின்றது என்பதைக் கூறவில்லை. புரொப்பிரனலோல் குடலினின்றும் முழுமையாகவே உறிஞ்சப்படினும், முதன்முறை ஈரலூடாகச் செல்கையிலேயே பெரும்பகுதி சிதைக்கப்பட, ஏறக்குறையக் காற்பங்கே பொதுக் குருதியோட்டத்தை அடைகின்றது. ஒரே அளவு மாத்திரை உண்ட இருவரின் குருதியில் மருந்தின் செறிவு பன்மடங்கு வேறுபடுவதற்கு இதுவே முதற்காரணம்.

1977இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் மெலாண்டரும் அவருடன் பணியாற்றியோரும், உணவுடன் உட்கொள்ளும்போது புரொப்பிரனலோல், மெற்றோப்ரொலோல் ஆகியவற்றின் அளவு குருதியில் உயர்வதைக் காட்டினர். உணவு மருந்தைத் தடுக்கும் என்ற பொது எண்ணத்துக்கு இது மாறானது. ஈரலைச் சாராது சிறுநீரகத்தாற் கழிக்கப்படும் அற்றினோலோலோ உணவுடன் சற்றுக் குறைவாகவே உறிஞ்சப்படுகின்றது. ஆகவே ‘பீற்றா தடுப்பியை உணவுடன் உண்ணுதல்’ என்பதற்கு ஒரே விதி கூறுதல் இயலாது. கூறத்தக்கது, எவ்வேளையாயினும் நாடோறும் ஒரே முறையைக் கைக்கொள்ளுக என்பதேயாகும். பழச்சாறுகளின் கதை இன்னும் பிற்காலத்தது. தோடம்பழச் சாறு அற்றினோலோலின் உறிஞ்சலைக் கணிசமாகக் குறைக்கும் என்பது 2005இல் பின்லாந்தில் நிகழ்ந்த ஆய்வால் அறியப்பட்டது.

நோயினாலும் இவ்வேறுபாடு எழுகின்றது. ஈரல் நோயில் புரொப்பிரனலோலும், சிறுநீரக நோயில் அற்றினோலோலும் உடலில் தேங்கும். ஆயினும் ஈரலிறுக்க நோயில் உணவுக்குழாய் நாளங்கள் வெடித்துக் குருதி பெருகுவதை மீளவராது தடுக்கப் புரொப்பிரனலோலே உதவும் என 1981இல் பாரிசு நகர ஆய்வாளர் காட்டினர். அளவைக் குறைக்கச் சொல்லும் நோயே மருந்தை வேண்டும் நோயாகவும் ஆயிற்று.

ஈரலின் வழியே நிகழும் இடைத்தாக்கங்களுள் வரலாற்றுச் சுவை மிக்கது ஒன்று உண்டு. புரொப்பிரனலோலை ஆக்கிய பின் வேறு நிறுவனத்துக்குச் சென்ற பிளக், அங்கு ஹிஸ்ரமின் வாங்கியின் ஒருவகையைத் தடுக்கும் ஆராய்ச்சியை நடத்தினார். அதன் பயனாக இரைப்பைப் புண்ணுக்கான சிமெற்றிடீன் 1976இல் வெளிவந்தது. 1981இல் வெளிவந்த ஓராய்வு, சிமெற்றிடீன் ஈரல் நொதியங்களின் தொழிலைத் தடுத்துப் புரொப்பிரனலோலின் செறிவை உயர்த்துகின்றது எனக் காட்டியது. 1988இல் நோபல் பரிசுக்குக் காரணமாயிருந்த இரு மருந்துகளும் ஒரே நோயாளரின் உடலிற் சந்திக்கையில் ஒன்றையொன்று இடர்ப்படுத்தின. இரண்டையும் ஒரே அறிஞர் திட்டமிட்டிருந்தும் இச்சந்திப்பை அத்திட்டம் காட்டவில்லை. சிமெற்றிடீன் வாங்கிக்கென வடிவமைக்கப்பட்டது. ஈரல் நொதியத்தில் அது பற்றிக்கொண்டது தற்செயலே.

1982இல் மெற்றோப்ரொலோல் பற்றி வெளிவந்த ஆய்வு, பரம்பரையாகவே ஒரு நொதியத்தின் தொழில் குன்றியவர்களிடம் அம்மருந்து நெடுநேரம் தங்குகின்றது எனக் காட்டியது. மனச்சோர்வுக்கு வழங்கப்படும் புளுஒக்செற்றீன், பரொக்செற்றீன் ஆகியவை அதே நொதியத்தைத் தடுப்பனவாதலால், பிறப்பால் அக்குறையில்லாதவரையும் அந்நிலைக்குத் தள்ளவல்லன. மறுதலையாக, புகைபிடித்தல் புரொப்பிரனலோலின் சிதைவை விரைவுபடுத்துகின்றது.

தலைகீழான தடை

பீற்றா தடுப்பிகளின் தடைப்பட்டியலில் ஐயத்துக்கு இடமற்றதெனக் கருதப்பட்டது இதயச் செயலிழப்பு நோயாகும். இதயத்தசை நலிந்து, வேண்டிய குருதியைத் தள்ள மாட்டாத நிலையே இந்நோய். நலிந்த இதயத்தைப் பரிவு நரம்புகளே தாங்கி நிற்கின்றன. அத்துணையை அகற்றினால் அது வீழ்ந்துவிடும். 1963இல் பிறவுன்வால்டும் அவருடன் ஆய்ந்தோரும் பரிவு நரம்புகளைத் தளர்த்தும் மருந்தொன்றை இத்தகையோருக்கு வழங்கியபோது நோய் மோசமாயிற்று. கோட்பாடும் சான்றும் ஒருங்கே நின்றமையால் தடை உறுதியாயிற்று. மருத்துவ மாணவர் தலைமுறை தலைமுறையாக அதனைக் கற்றனர்.

1975இல் சுவீடனின் கோதன்பேர்க் நகரில் வாக்ஸ்ரைன், யல்மார்சன் முதலியோர் இதயத்தசை நலிந்து விரைவுத் துடிப்புமுடைய ஏழு நோயாளருக்குப் பீற்றா தடுப்பியை வழங்கி, அவர்கள் நலம் தேறியதாக அறிவித்தனர். ஏழு பேருள் அறுவருக்கு வழங்கப்பட்டது பிரக்றோலோல் ஆகும். பார்வையைக் கெடுத்த மருந்தென அது இனங்காணப்பட்ட அதே ஆண்டில், கைவிடப்பட்ட நோயாளருக்கு அது ஒரு வாயிலைத் திறந்தது.

இவ்வறிக்கையை அறிஞருலகம் எளிதில் ஏற்கவில்லை. நோயாளர் தொகை சிறிது. ஒப்பிடுதற்கு மருந்துண்ணாத குழு இல்லை. யாவற்றுக்கும் மேலாக, அது கற்றதற்கு மாறானது. ஆயினும் விளக்கம் மெல்ல உருப்பெற்றது. 1982இல் பிறிஸ்ரோவும் அவர் குழுவினரும் நலிந்த மனித இதயங்களில் பீற்றா வாங்கிகளின் அடர்த்தி ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்திருப்பதைக் கண்டனர். ஓயாத தூண்டுதலினின்றும் தன்னைக் காக்க இதயம் தானே வாயில்களை மூடிக்கொண்டிருந்தது. மருந்தை நிறுத்துகையில் வாங்கிகள் பெருகிய கதையின் மறுபுறமே இது. பரிவு நரம்புத் தொகுதி நலிந்த இதயத்துக்கு ஊன்றுகோலாய் இருந்தது உண்மை. அதே ஊன்றுகோல் ஓயாது அடிக்கும் சாட்டையாகவும் இருந்தது. முதல் நாட்களில் அதனை அகற்றுவது தீங்கு. மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அகற்றுவதே நன்மை. பழைய தடை பிழையான அவதானிப்பில் எழுந்ததன்று, குறுகிய கால அவதானிப்பில் எழுந்தது.

இறுதித் தீர்ப்பு 1999இல் வந்தது. 2,647 நோயாளர் பங்குபற்றிய பைசோப்ரொலோல் ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றோருள் நூற்றுக்கு 17.3 பேரும் மருந்து பெற்றோருள் 11.8 பேரும் இறந்தனர். 3,991 பேர் பங்குபற்றிய மெற்றோப்ரொலோல் ஆய்வில் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒருபங்கு குறைந்தது. பயன் ஐயமறத் தெரிந்தமையால் இரு ஆய்வுகளும் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டன. இன்று இதயச் செயலிழப்பின் அடிப்படை மருந்துகளுள் பீற்றா தடுப்பியும் ஒன்றாகும். எனினும் பழைய அச்சம் முற்றாக மறையவில்லை. அது முறையாக மாறியுள்ளது. பைசோப்ரொலோலின் தொடக்க அளவு 1.25 மில்லிகிராம், வாரக்கணக்கில் அது 10 மில்லிகிராம் வரை உயர்த்தப்படும். நோயாளர் மூச்சுத்திணறி நிலைகுலைந்த வேளையில் அது புதிதாகத் தொடங்கப்படுவதில்லை.

பெயர்களும் பொறுப்பும்

இடைத்தாக்கத்தை அறிதற்கு முதலில் நோயாளர் உட்கொள்வது யாது என்பதை அறிதல் வேண்டும். ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் உலாவும்போது, இரு மருத்துவரிடம் சென்ற ஒருவர் ஒரே பொருளை இரு பெயரில் உட்கொள்ளுதலும், பீற்றா தடுப்பி என அறியாமலே அதனைத் தொய்வுக்கான மருந்தோடு சேர்த்தலுங் கூடும். இலங்கையில் 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரான மருந்தியற் பேராசிரியர் சேனக்க பிபிலை, வணிகப் பெயருக்குப் பதிலாகப் பொதுப் பெயரை வழங்கல் வேண்டுமென வற்புறுத்தியமை பொருளாதார நோக்கில் மாத்திரமன்றி இந்நோக்கிலும் மதிக்கத்தக்கது. பொதுப் பெயர் மருந்தின் இனத்தைக் காட்டும். இனம் அதன் பகையையும் நட்பையுங் காட்டும்.

முடிவு

தொய்வு, நீரிழிவு, அதிரனலின் ஆகியன பற்றிய விதிகள் கோட்பாட்டின் பிள்ளைகள். பிரக்றோலோலின் தீங்கு கோட்பாட்டுக்கு வெளியே நின்றது. கண்ணிழந்தோரே அதன் ஆசிரியர். இதயச் செயலிழப்பு பற்றிய தடையோ கோட்பாட்டுக்கு இயைந்ததாகவே நின்று, கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்பெற்றிருக்கக் கூடிய நோயாளரை மருந்தினின்றும் விலக்கி வைத்தது. அபாயத்தை அறியாமையால் நேர்ந்த துன்பம் ஒன்று. அபாயத்தை மிக உறுதியாக அறிந்துவிட்டதாக எண்ணியமையால் நேர்ந்த இழப்பு மற்றொன்று. முன்னதற்கு வழக்குகளும் இழப்பீடும் உண்டு. பின்னதன் மாந்தரைக் கணக்கிட்டார் இலர்.

துண்டுத்தாளின் விதிகளைக் கடைப்பிடித்தல் மருத்துவரின் கடமை. அவற்றுள் எது எச்சான்றின் மேல் நிற்கின்றது என வினவுதல் அறிவின் கடமை. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வதற்குத் துணைபுரிவது மருத்துவத்தின் வரலாறு. கோதன்பேர்க் நகர மருத்துவர் எழுவரைக் கொண்டு எழுப்பிய ஐயம் இருபத்துநான்கு ஆண்டுகளின் பின் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டு நிறுவப்பட்டது என்பதே இவ்வரலாறு தரும் சான்றாகும்.